பின்னாடி தண்ணி பீச்சுதுல்ல?

அம்மாவுக்கு உன் மகன் எழுதுவது.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை தெளிந்ததா? சொட்டு மருந்தை மறக்காமல் விடுகிறாயா? இதில் எழுத்து கோணல்மாணலாகத் தெரிந்தால் அது உன் கண்ணின் குற்றமில்லை. இடது கையால் எழுதுகிறேன். பயப்படாதே, சின்ன விஷயம்தான்.

இங்கே ஒரு கிழட்டுப் படகு மோட்டார் இருக்கிறது. சூடு ஏறாமலிருக்க அதற்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுக்கிற ரப்பர் சக்கரத்தில் இரண்டு இறக்கை ஒடிந்து காணாமல் போயிருந்தது. புதுச் சக்கரம் போட்டேன். "ஒடிஞ்ச துண்டு உள்ளே தண்ணி போற வழியில கிடக்கும், எப்ப வேணா அடைச்சுக்கும். கழட்டித் தேடணும், ஒரு நாள் கொடுங்க" என்று முதலாளியைக் கேட்டேன்.

"பின்னாடி தண்ணி பீச்சுதுல்ல? பெரிய டாக்டராட்டம் பேசாம படகை எடு."

பின்னால் தண்ணீர் பீச்சினால் உள்ளே தண்ணீர் சரியாக ஓடுகிறது என்று அவர் கணக்கு. எடுத்தேன். நடுக்கடலில் மோட்டார் புகைந்தது. மூடியைத் தூக்கும்போது படகு ஆடியதில் வலது கை கொதிக்கிற இன்ஜின்மேல் அப்படியே பதிந்துவிட்டது.

வேறு படகில் கட்டி இழுத்து வந்தார்கள். ஓடிவந்த முதலாளி மோட்டாரைத்தான் தடவித் தடவிப் பார்த்தார். "இவன் கை வெச்சா எது உருப்படும்?" என்றார். அந்தக் கையில் நான் ஈரத்துணி சுற்றியிருந்தேன்.

மறுநாள் ஒற்றைக் கையால் கழற்றினேன். இரண்டு துண்டும் உள்ளேதான் கிடந்தன. காட்டினேன். "சரி, சீக்கிரம் பூட்டு" என்றார்.

கூப்பிடுகிறார்கள், அதே மோட்டார்தான். ஒன்று கேட்க மறந்தேனே. யாராவது இந்தப் பக்கம் வந்தால் தலைவழியே மாட்டுகிற சட்டை இரண்டு கொடுத்துவிடு. பட்டன் வைத்தது வேண்டாம். இங்கே போட்டுவிட ஆளில்லை.