பாதி வழியில் மாறும் சைக்கிள்கள்

அண்ணாத்த,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு வரி பள்ளத்தில் இறங்குகிறது, அடுத்த வரி கரைமேல் ஏறுகிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். பல் போன வயதில் நானும் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகிறது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. மனதில் நினைத்தது தாளில் வந்து நிற்பதைப் பார்க்க அத்தனை சந்தோஷமாக இருக்கிறது.

இன்று காலை சைக்கிளைக் கழுவினேன். கேரியரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தும் கருவாட்டு வாசனை போகவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை வந்து, ஏதோ விருந்துக்குக் கூப்பிட்டதுபோலப் பின் சக்கரத்தடியில் உட்கார்ந்துகொண்டது. அந்த வாசனையில் நீயும் வந்துவிட்டாய்.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. மகாபலிபுரத்துக்குத் தெற்கே, படகில் கால்வாயைத் தாண்டினால் கடலோரத்தில் உன் வீடு. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் என் கத்திரித் தோட்டம். கப்பி ரோடு திருக்கழுக்குன்றத்தைச் சுற்றிக்கொண்டு போகும். ஒரு லாரி போனால் அரை நாழிகைக்குக் கண் தெரியாது. அதனால் நாம் வண்டிப்பாதையில் போனோம். ஏரிக்கரைமேல் கொஞ்ச தூரம், இறங்கினால் செம்மண் சரளை, காட்டுக்குள் காரைமுள்ளும் வீரை மரமும், அப்புறம் மறுபடி ஓர் ஏரி. அந்தக் காட்டை ஒட்டித்தான் நம் கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் அந்தக் கல்தளம் நமக்குப் பாதி வழி. நீ கருவாட்டு மூட்டையோடு வருவாய், நான் காய்கறிக் கூடையோடு வருவேன். சரக்கை மாற்றிக்கொண்டு அவரவர் ஊர்ச் சந்தைக்குத் திரும்புவோம்.

சரளையில் குலுங்கினால் மூட்டை அவிழும். அதனால் இறுக்கிக் கட்டுவோம். இறுக்கிக் கட்டியதைக் கலங்கலில் அவிழ்க்க நகம் பெயரும். ஒருநாள் நீ கயிற்றை வீசிவிட்டுச் சொன்னாய்:

“அவுத்து அவுத்து கட்டிகினு இன்னா நைனா பேஜாரு? மூட்ட கெடக்கட்டும். வண்டிய மாத்திக்கலாம் வா.”

அன்றிலிருந்து உன் சைக்கிள் ஒருநாள் என் வீட்டில், என் சைக்கிள் ஒருநாள் உன் வீட்டில். நீ நெட்டை, நான் குட்டை. சீட்டை ஏற்றி இறக்கிச் சலித்து, இரண்டு பேருக்கும் சரிப்படாத ஓர் உயரத்தில் விட்டுவிட்டோம். ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. பிரேக் கதை இன்னும் மோசம். நீ பார்ப்பாய் என்று நான் விட்டேன், நான் பார்ப்பேன் என்று நீ விட்டாய். கடைசியில் ஒரு வண்டியில் பிரேக்கே இல்லாமல் போயிற்று. அன்று நீ கரைமேலிருந்து இறங்கி வந்த வேகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. காலைத் தேய்த்துப் பார்த்தாய். சரளை தெறித்ததே தவிர வண்டி நிற்கவில்லை. மூட்டையோடு ஏரிக்குள் போனாய். நான் பதறி ஓடிவந்தால், மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “கருவாட்ட அம்மா வூட்டுக்கு இட்டாந்தேன் நைனா. திரும்பி வரமாட்டேன்னுது” என்றாய். பொழுது சாயும்வரை கலங்கல் கல்லில் கருவாட்டை மறுபடி காயவைத்துக் காக்கை ஓட்டினோம்.

ஐப்பசி மழையில் நான் கலங்கலில் காத்திருந்தேன். நீ வரவில்லை. கால்வாய்ப் படகுக்காரர் குடை பிடித்துக்கொண்டு நடந்துவந்து சொன்னார். காய்ச்சலில் கிடக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். இதற்குமேல் இந்த இடத்தில் எழுத வரவில்லை.

காரியம் முடிந்ததும் உன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். கடப்பாக்கத்திலிருந்து உன் மச்சான் வந்திருந்தார். அண்ணியை அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அண்ணிக்குத் தன் வீட்டை விட்டுப் போக இஷ்டம் இல்லை. முகத்திலேயே தெரிந்தது.

“ஒண்டியா இங்க இருந்துகினு இன்னா பண்ணப்போற? மொதல்ல அந்த சைக்கிள வித்துடலாம்.”

“அது எப்டி விக்கறது? அது கொழுந்தனாருது” என்றார் அண்ணி.

“அப்போ மாப்ளயோடது எங்க?”

“அதத்தான் அவரு எட்த்தாந்துகீறாரே.”

உன் மச்சான் இரண்டு சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். அண்ணி என் பக்கம் திரும்பினார்.

“இன்னா கொழுந்தனாரே, வெறும் வண்டியோட வந்துகீற? கத்திரிக்கா எங்க?”

“உங்களுக்கு ஓட்டத் தெரியாதே அண்ணி” என்றேன்.

“தலமேல கூடய வெச்சிகினு திருக்கழுக்குன்றம் வரிக்கும் நடந்தவ நானு. இது ரெண்டு சக்கரம் வெச்ச கூட. தள்ளிகினு வரேன்.”

தை பிறக்கும்வரை பார்க்கிறேன், அதற்குள் பிழைப்பு நடக்காவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு உன் மச்சான் கிளம்பினார்.

அண்ணி தள்ளிக்கொண்டுதான் வந்தார். ஆனால் நடைக்கும் சக்கரத்துக்கும் வித்தியாசம் உண்டு இல்லையா? பாதி வழி கலங்கலை விட்டுக் கால்வாய்ப் பக்கம் நகர்ந்தது. நான் திரும்புவதற்குள் சந்தை கலைந்துவிடும். அண்ணி ஊர் சேர்வதற்குள் கத்திரிக்காய் வதங்கிவிடும். இப்படியே போனால் தை மாதம் கடப்பாக்கம்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஒருநாள் அண்ணியே சொன்னார்: “ஏறித்தான் பாக்கணும்.”

புடவையைக் கச்சமாக இழுத்துச் செருகிக்கொண்டு, முதலில் குரங்குப் பெடல் போட்டார். காரைமுள்ளில் விழுந்தார். எழுந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தால், “கிட்ட வராத, நீயும் உழுந்தா யாரு தூக்கறது?” என்று விரட்டினார். தார் ரோட்டில் பழகியவர்கள்கூடச் சரளையில் தடுமாறுவார்கள். அண்ணி ஹேண்டிலை மீன் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்தார். அப்போது நீ ஓயாமல் சொல்வது என் வாயில் வந்தது. “சரளையில வண்டிய நெருக்காத நைனா. அது கொஞ்சம் ஆடும், ஆட உடு. நீ தூரமா பாரு.” அதை அப்படியே அண்ணியிடம் சொன்னேன். “இதத்தான் எனக்கும் சொல்லிகினு இருந்தாரு, எல்லாத்துக்கும்” என்றார். பிடியைத் தளர்த்தினார். அன்று விழவில்லை.

இப்போது அண்ணி சீட்டில் உட்கார்ந்தே ஓட்டுகிறார். ஒரு குறைதான். படகுத்துறையில் ஒரு கல்மேல் நின்றுதான் ஏற முடியும்; கலங்கல் வந்து அங்கே ஒரு கல்லில் கால் ஊன்றித்தான் இறங்க முடியும். இடையில் எங்கேயும் நிற்க வராது.

நேற்று நான் கலங்கலில் காத்திருந்தேன். தைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே உன் மச்சான் அந்தப் பாதையில் நடந்து வந்தார். வீட்டில் தங்கையைக் காணாமல், கப்பி ரோட்டில் ஒரு லாரியைப் பிடித்து முந்திக்கொண்டு தேடி வந்திருக்கிறார். “எங்க அது?” என்று கேட்டு முடிக்கவில்லை, காட்டுத் திருப்பத்தில் மணி அடித்தது. கருவாட்டு மூட்டையோடு அண்ணி வந்துகொண்டிருந்தார். உன் மச்சான் பாதை நடுவில் போய்க் கை இரண்டையும் விரித்து நின்றார்.

“எறங்கும்மே, உழுந்துடப்போற.”

“எறங்க வராது. நீ ஒத்து, அண்ணே.”

அவர் பக்கத்துப் புதரில் ஒதுங்கினார். அண்ணி அவரைத் தாண்டிக் கலங்கல் கல்லில் கால் ஊன்றி நின்றார். மூச்சு வாங்கியது, முகம் மட்டும் சிரித்தது. உன் மச்சான் வேட்டியில் ஒட்டிய முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு வந்து மூட்டையை ஆட்டிப் பார்த்தார். “இது இன்னா கட்டு? சரளையில நிக்குமா?” என்று கயிற்றை அவிழ்த்துத் தானே இறுக்கிக் கட்டினார். அண்ணி கத்திரிக்காய்க் கூடை கட்டியிருந்த வண்டியை எடுத்துக்கொண்டார். தை மாதத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவர் முன்னால் நடக்க, அண்ணி ஏறினார்.

நான் சந்தை கலையும் முன் வந்து சேர்ந்தேன், அண்ணாத்த. எத்தனையோ நாளுக்குப் பிறகு.

கை வலிக்கிறது. அண்ணி நடு வழியில் இறங்கப் பழகிக்கொண்டிருக்கிறார். முள்ளில் விழாமல் இறங்கினாரா, விழுந்து எழுந்தாரா என்பதை அடுத்த வாரம் இதே நேரம் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.