குங்குமம் பட்ட பங்குப் பத்திரங்கள்

பம்பாய்,
8.12.1998

அன்புள்ள அப்பாவுக்குத் தாணுமாலையன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? இதை முதலில் நீங்கள் மட்டும் வாசியுங்கள்.

பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் ஆசிரியர்களை அனுப்பும் எங்கள் கம்பெனியின் பங்குகளை, மகன் வேலை பார்க்கும் இடம் என்று நம்பி, ஓய்வுப் பணத்தில் வாங்கினீர்கள். சம்பளம் தாமதமாக வர ஆரம்பித்ததும், விற்றுவிடலாம், பத்திரங்களை அனுப்புங்கள் என்று எழுதினேன். படிப்புக் கம்பெனிப் பத்திரம் என்று அம்மா அவற்றைச் சரஸ்வதி பூஜையில் வைத்துப் பொட்டிட்டு, விஜயதசமி கழிந்துதான் எடுக்கவிட்டாள்.

தரகர் ஆபீசில் இருக்கும் வள்ளியூர் அண்ணாச்சி அவற்றைப் பார்த்துவிட்டு, "ஏலே, நம்பர் மேலயே குங்குமத்த அப்பியிருக்காவளே. இத எவம்லே வாங்குவான்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கம்பெனிக்கே நகல் பத்திரம் கேட்டு எழுதிப் போட்டேன். அது வருவதற்குள் போன வாரம் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். இனி அவை வெறும் காகிதம்தான் அப்பா.

எனக்கு ஒன்றும் குறைவில்லை. பீரோவில் என் டைப்ரைட்டிங் சர்டிபிகேட் இருக்கும். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புங்கள். கூடவே அம்மா கையால் இடித்த பருப்புப்பொடி கொஞ்சம். ஆபீஸ் விலாசத்துக்குப் போட வேண்டாம், அறைக்கே போடுங்கள். சாயங்காலங்களில் அறையில்தான் இருக்கிறேன். பகலிலும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது குங்குமம் வரும் இடத்தை விட்டுவிடுங்கள்.

தாணு