தராசு அறையின் கதவு

2006 பெப்ரவரி 21, செவ்வாய்

இந்தத் தாள்களில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இது இத்ரூஸ் நானா தன் கடையில் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வரவு எழுதத் தந்த டயரி. பன்னிரண்டு பிள்ளைகளின் வரவுக்கு முன்பாதி போதும். பின்பாதியை நான் எடுத்துக்கொண்டேன். அங்கே படிப்பிக்கிற எனக்கு ஒரு சொந்தக் கொப்பி வாங்கத் தெரியாதா? தெரியும். வாங்கினால் எழுதப்போகிறேன் என்று எனக்கே தெரிந்துவிடும். அதுதான்.

தோட்டத்து டாக்டர் இன்று என் அம்மாவின் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி கொழுந்து பறிக்க மலை ஏறக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மே மாதத்தோடு செக்ரோலில், தோட்டத்து ஆட்பதிவேட்டில், அம்மாவின் பெயரை வெட்டிவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு பெயராவது செக்ரோலில் இல்லாவிட்டால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவைத் தோட்டத்துக்கே விட்டுக் கொடுக்க வேண்டும். அப்பா இல்லை. அம்மாவும் நானும்தான்.

ஆகவே ஜூன் முதலாம் திகதிக்குள் எனக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போக வேண்டும்.

எழுதிப் பார்த்தால் இரண்டு வரிதான்.

பெப்ரவரி 24, வெள்ளி

பட்டதாரி நியமனப் பட்டியலில் இந்த முறையும் என் பெயர் இல்லை. அரசாங்கக் கச்சேரியில் இருந்து திரும்பி வரும்போது பஸ் தரிப்பில், தோட்டத்தில் கொழுந்து நிறுத்து எழுதும் கணக்கப்பிள்ளை நின்றார். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். விடவில்லை.

"என்னம்மா, பேர் பதியப் போறியாமே? நல்லதுதான். டிகிரிக்காரப் புள்ள கையெழுத்துப் போட்டா நம்ம செக்ரோலும் பாக்க அழகா இருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 3, வெள்ளி

ஒரு வழி இருக்கிறது. கொழும்பில் ஒரு கம்பனி போட்டி வைக்கிறது. சொந்தமாகச் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை இந்த மாத முடிவுக்குள் சீடியில் போட்டு அனுப்ப வேண்டும். முதல் மூன்று இடங்களுக்கு வேலை.

என்னிடம் விளையாட்டு இருக்கிறது. முக்கால்வாசி இருக்கிறது. வகுப்பு முடிந்த பிறகு ஒன்றரை வருடமாக நானும் நானாவின் தங்கை நபீலாவும் செய்வது. நான் கணக்கையும் புதிரையும் எழுதுவேன், அவள் படம் வரைவாள்.

சிட்டு என்று ஒரு சின்னப் பெண். முதுகில் கூடை, கையில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. மழை விடாத ஒரு தோட்டம். வெயிலை யாரோ தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு அடியில் பூட்டி வைத்துவிட்டார்கள். ஸ்டோருக்குக் கீழே ஏழு சுரங்கம். ஒவ்வொரு சுரங்கத்திலும் ஐந்தாறு அறை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு புதிர். புதிரை அவிழ்த்தால் கதவு திறக்கும். எதிரிகள் இரத்தம் உறிஞ்சும் அட்டைகள், உப்பை எறிந்தால் பந்தாகச் சுருண்டு படியில் உருண்டு போகும். நாலாவது சுரங்கம் தெமோதரை ரயில்பாதை மாதிரி. வெளியேறிவிட்டோம் என்று நினைக்கும்போது புறப்பட்ட இடத்துக்கு நேர்கீழே நிற்போம்.

நபீலா விளையாடமாட்டாள். வரைவதோடு சரி. "ஒங்கட அட்டயப் பார்த்தா எனக்குச் சோறு எறங்குதில்ல சுதா" என்பாள். வரைந்தது அவள்தானே என்றால், "வரஞ்சது நான், நெளிய வச்சது நீங்க" என்பாள்.

மார்ச் 12, ஞாயிறு

நாங்கள் விளையாட்டைச் செய்யும் மென்பொருளில் தமிழ் எழுத்து வரவே இல்லை. பெட்டி பெட்டியாக வந்தது. நபீலா ஒவ்வோர் எழுத்தையும் படமாக வரைந்து கொடுத்துவிட்டாள். "ஙௌ வேணுமா?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனது. இந்த மாதம் முதல் சிரிப்பு.

மார்ச் 19, ஞாயிறு

வகுப்புப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தேன். எல்லாரும் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்கள். ஏழாவது சுரங்கத்தில் இரண்டு பிழை கண்டுபிடித்தார்கள். திருத்திவிடலாம். மூன்றாவது சுரங்கத்தில், கொழுந்து நிறுத்தால் கதவு திறக்கிற தராசு அறையில் ஒருவரும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. அது மிகவும் இலகுவோ என்று யோசிக்கிறேன்.

மார்ச் 31, வெள்ளி

அனுப்பிவிட்டோம். பதிவுத் தபால். சீடி உறையில் நபீலா சிட்டுவை வரைந்தாள். தபால்காரர் "ஸ்டாம்ப் ஒட்ட எடமே இல்லையே" என்றார்.

ஏப்ரல் 10, திங்கள்

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

புது வருடம். அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு ஏறினாள். என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 26, புதன்

கொழும்பில் இருந்து கடைக்கு போன். நடுவர்களில் ஒருவர், ஆரூரன் என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பேச்சு. நல்ல மனிதர். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

"பிள்ளை, உம்மடை விளையாட்டு வடிவாய் இருக்குது. ஆனால் அந்தத் தராசிலை ஒரு பிழை. நாங்கள் அஞ்சு பேர் பாத்தம், ஒருத்தராலையும் அதைத் தாண்டேலாமல் போச்சு."

"என்ன பிழை சேர்?"

"கதவு பதினெட்டுக் கிலோ கேக்குது. எட்டும் பத்தும் வைச்சால் பதினாறு எண்டு காட்டுது. ரெண்டு கிலோவைத் தராசு விழுங்குது. நீர் எங்கையோ பிழையாய்க் கழிச்சுப் போட்டீர்."

நான் பிழையாகக் கழிக்கவில்லை. கழிக்க வேண்டும் என்று முடிவு செய்தும் கழிக்கவில்லை. தராசு என்றால் இரண்டு குறையும். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று காலை, பகல், அந்தி மூன்று நிறுவையிலும் இரண்டிரண்டு கிலோ வெட்டித்தானே எழுதுவார்கள்? நான் பிறந்ததில் இருந்து பார்த்த தராசு அப்படித்தான். நெருப்புச் சுடும் என்று எழுதுவது போல எழுதியிருக்கிறேன். எட்டும் பன்னிரண்டும் வைத்தால் கதவு திறக்கும். வகுப்புப் பிள்ளைகள் ஒருவர்கூட யோசிக்கவில்லை. அவர்களுக்கும் தராசு அதுதான்.

இதில் ஒரு வார்த்தைகூட அவரிடம் சொல்லவில்லை. "சரி சேர்" என்றேன். மே மூன்றாம் திகதிக்குள் திருத்தி அனுப்பினால் மறுபடி பார்ப்பார்களாம்.

"என்ன புள்ள, மொகம் இப்பிடிக் கறுத்துப் போச்சி?" என்று இத்ரூஸ் நானா கேட்டார். அதற்கும் "சரி நானா" என்றேன்.

ஏப்ரல் 27, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். கால் நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தராசு ரெண்டு கிலோ முழுங்குதாம்மா. அது பிழைன்னு கொழும்பு ஆளுங்க சொல்றாங்க."

அம்மா எண்ணெய்க் கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பெரிய ஆளுங்களா?"

"ஆமா. அஞ்சு பேரு."

"அஞ்சு பேரும் பிழைன்னாங்களா?"

"ஆமாம்மா."

சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "பிழைதான்டி. முப்பத்திமூணு வருசம் கழிச்சி யாரோ சொல்லிட்டாங்க பாரு."

சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எண்ணெய்க் கை என்பதை மறந்துவிட்டாள்.

ஏப்ரல் 28, வெள்ளி

ஒரே ஒரு வரி. இரண்டைக் கழி என்று ஒரு வரி. அதை அழித்தால் முடிந்தது.

அழித்தேன். ஓட்டிப் பார்த்தேன். எட்டும் பத்தும் வைத்ததும் பதினெட்டுக் காட்டியது, கதவு திறந்தது. சிட்டு துள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குள் போனாள்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த ஊர்த் தராசு இது?

திரும்ப எழுதிவிட்டேன்.

எனக்கென்ன பைத்தியமா? காம்பரா போகப்போகுது. அம்மா இந்தக் காலோட எங்க போவா? அஞ்சு நாள்தான் இருக்கு. அவங்க என்ன கேக்கிறாங்களோ அதக் கொடுத்துட்டு வேலய வாங்கு. கொடு. ஏன் கொடுக்க முடியல?

ஏப்ரல் 30, ஞாயிறு

தராசைத் திருத்தவில்லை. வேறு ஒன்று செய்தேன். தராசுக்குப் பக்கத்தில் ஒரு தராசுக்காரரை நிறுத்தினேன். முள் பதினெட்டைக் காட்டும். அவர் பேரேட்டில் பதினாறு என்று எழுதுவார். அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். விளையாடுகிறவர் சிட்டுவைப் பேசவைத்தால் அவள் "ரெண்டு கிலோ எங்க?" என்று கேட்பாள். கேட்டால் கதவு திறக்கும். கேட்காதவர் இரண்டு கிலோ கூட வைத்தும் திறக்கலாம். எங்களைப் போல.

நபீலா தராசுக்காரரை வரைந்தாள். "மீச வைக்கவா? அது யாரு மாதிரி இருக்கணும்?" என்றாள். ஒருவர் மாதிரியும் வேண்டாம், மீசை வேண்டாம் என்றேன். "பயமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மே 2, செவ்வாய்

கொழும்புக்குப் போகும் நானாவின் மச்சான் கையில் சீடியைக் கொடுத்துவிட்டோம். நானா அவரிடம் மூன்று முறை சொன்னார்: "இது புள்ளட வாழ்க்க. பிஸ்கட் பெட்டிக்குக் கீழ வச்சிராத."

மே 15, திங்கள்

அம்மா மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. மாதம் முடியும்வரை பெயர் இருக்கும்தானே என்கிறாள். இன்று இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். நான் சுடுதண்ணீர் வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? தெரிந்ததெல்லாம் கணக்கு.

மே 22, திங்கள்

போன் வந்தது. முதல் மூன்றுக்குள் இல்லை. பாராட்டுச் சான்றிதழ் ஒன்று தபாலில் வரும். சான்றிதழ்கள் எங்கள் பெட்டியில் நிறைய இருக்கின்றன.

ஆரூரன் சேர் உடனே போனை வைக்கவில்லை.

"ஒண்டு கேக்கட்டே? அந்தச் சின்னப் பிள்ளை 'ரெண்டு கிலோ எங்கை' எண்டு கேக்குது. தராசுக்காரன் பேசாமல் நிக்கிறான். கதவு திறக்குது. மறுமொழி எங்கை?"

"தெரியாது சேர்."

"நீர்தானே எழுதினது?"

"அவர் என்ன சொல்லுவார்னு எனக்குத் தெரியாது சேர். எங்க தோட்டத்துல யாரும் கேட்டதில்ல."

"அப்ப நீர் இன்னும் இதை முடிக்கேல்லை, பிள்ளை" என்றார். அதட்டலாக இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

கடைக்குப் பின்பக்கம் போய் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். நபீலா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலெல்லாம் பச்சை மை.

மே 23, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். "சரி விடு" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 1, வியாழன்

பேர் பதிந்தேன். சுதர்ஷினி, த/பெ இராமையா. நல்ல கையெழுத்தில்தான் போட்டேன். கணக்கப்பிள்ளை இந்த முறை சிரிக்கவில்லை. எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. காம்பரா எங்களுக்கு இருக்கும். நானாவின் வகுப்பு இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

ஜூன் 2, வெள்ளி

ஈரம் படாமல் இருக்க அம்மா என் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டாள். இறுக்கிக் கட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "கூடக் கயிறு நெத்தியில இருக்கக்கூடாது, உச்சியில போடு. வேகமாப் பறிக்கணும்னு நெனைக்காத, பொடு பொடுன்னு வெரல் தானாப் போகும்."

என் விரல் எங்கேயும் போகவில்லை. காலை நிறுவையில் முள் ஏழில் நின்றது. கணக்கப்பிள்ளை ஐந்து என்று எழுதினார். கேட்கவில்லை.

ஜூன் 3, சனி

முள் எட்டு. எழுதியது ஆறு. வாய்வரை வந்தது. எனக்குப் பின்னால் பதினைந்து பெண்கள் சுமையோடு நின்றார்கள். என்னால் அவர்கள் நிறுவையும் சுணங்கினால்? என் பெயரை வெட்டிவிட்டால்? அம்மா எங்கே போவாள்? கேட்கவில்லை.

ஜூன் 5, திங்கள்

இன்று அந்தி நிறுவையில் வேண்டுமென்றே கடைசி ஆளாக நின்றேன். யாரும் என்னால் காத்திருக்கக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் கொழுந்து நிறுத்து முடித்தவர்கள் வழக்கமாக உடனே இறங்கிவிடுவார்கள், இன்று நான் நிற்பதைப் பார்த்து அவர்களும் நின்றுவிட்டார்கள். மழைத் தூறல். கூடையைக் கொக்கியில் மாட்டினேன். முள் ஒன்பதில் நின்றது. கணக்கப்பிள்ளை ஏழு என்று எழுதிவிட்டு பேரேட்டை மூடப்போனார்.

"ஐயா."

"என்னம்மா?"

கொழுந்தைச் சாக்கில் கொட்டினேன், கூடையைக் கவிழ்த்துத் தட்டினேன், இலை ஒன்றுகூட இல்லாமல் தட்டிவிட்டு இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன்.

"ஐயா, இந்த வெறுங் கூடைய ஒருக்கா நிறுத்துக் காட்டுங்க."