உக்கார ஒரு இடம்

தாராவி
7 நவம்பர் 2024

லைப்ரரி டீச்சர் சாதனா அம்மாவுக்கு,

பத்தாவது படிக்கிற ஷைஸ்தாவோட வாப்பும்மா, அவ வாப்பாவைப் பெத்தவ, பேகம் எழுதுறேன். ஆண்டவன் காவல்ல நாங்க சுகம். உங்க வீட்டாருக்கும் அதே சுகம் கேட்டு துஆ செய்றேன். அஞ்சாம் கிளாஸ் எழுத்து, பொறுத்துப் படிங்க.

லைப்ரரியைச் சாயங்காலம் மூடப் போறாங்களாம், மூடாம இருக்கணும்னா வீட்டுல படிக்க இடமில்லைன்னு பெரியவங்க ஸ்கூல் கமிட்டிக்கு எழுதித் தரணுமாம்னு ஷைஸ்தா வந்து சொன்னா. அம்மா, அப்படி எழுத எனக்குக் கை வரல. நாளைக்கு அவளைப் பொண்ணு கேட்டு வர்றவங்க காதுல விழாதா? அதனால கமிட்டிக்குத் தனியா, மரியாதையா எழுதி இதோட வச்சிருக்கேன். பேத்திக்குத் தனி மேசை, லைட்டு, ஃபேன் எல்லாம் இருக்கு, ஆனாலும் லைப்ரரின்னா அவளுக்குப் பிரியம்னு. சயின்ஸுல அவதான் முதல்னும் போட்டிருக்கேன். பெரிய மனுஷங்க படிக்கிறது, லட்சணமா இருக்கட்டும்.

துஆவுடன்,
பேகம்


செம்பூர்
19 நவம்பர் 2024

அன்புள்ள பேகம் அம்மாவுக்கு,

நமஸ்காரம். கமிட்டிக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை அங்கே வாசித்தார்கள். மற்ற வீடுகளிலிருந்தும் ஏறக்குறைய அப்படித்தான் வந்திருந்தது. இடம் இருக்கிறது, வசதி இருக்கிறது என்று. "அப்புறம் யாருக்காக டீச்சர் ஏழு மணி வரை திறந்து வைக்கணும்?" என்று தலைவர் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். ஷைஸ்தா எல்லாம் சொல்லியிருக்கிறாள். ஆனால் நீங்கள் மூடி வைத்ததை நாலு பேர் நடுவில் நான் எப்படித் திறப்பது?

இனி நாலு மணிக்கே பூட்டு. கடைசி நாள் ஷைஸ்தா நாற்காலிகளை எல்லாம் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை அம்மா. அவளை விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
சாதனா


தாராவி
2 பிப்ரவரி 2025

சாதனா அம்மாவுக்கு,

உடனே பதில் எழுத எனக்கு முகம் இல்ல.

எங்களுக்கு இருக்கிறது ஒரே கோலி, அதான் ஒத்தை ரூம். அதுல ரெண்டு தையல் மிஷின், மகன் ஜெயினுலாப்தீன் பேக் தைக்கிறான். மிஷின் நின்னாத்தான் பாய் விரிக்க முடியும். மனுஷ இதயத்துல நாலு அறைன்னு உங்க லைப்ரரி புஸ்தகத்துல பார்த்துட்டு வந்து, "அதுக்கு நம்மளைவிட வசதி வாப்பும்மா"ன்னு ஷைஸ்தா ஒரு நாள் சிரிச்சா.

லைப்ரரி மூடின பிறகு மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து படிச்சிருக்கா. யாரோ பார்த்துட்டு அவ வாப்பாகிட்ட வேற மாதிரி சொல்லிட்டாங்க. அத்தோட வெளிய போறது நின்னுச்சு. மாதிரிப் பரீட்சையில சயின்ஸ் போச்சு. படிச்சது போதும்னு மகன் அவளை மிஷின்ல உக்கார வச்சுட்டான். நான் அழுது பார்த்தேன். "உம்மா, வீட்டுல இருந்தே படிக்கலாம்னு ஸ்கூலுக்கு எழுதிக் கொடுத்தது நீங்கதான?"ன்னான்.

ஷைஸ்தா என்னை ஏசல. "அந்த மேசை எங்க வாப்பும்மா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. இப்ப பேக்குக்கு வார் தைக்கிறா. கோணாம தைக்கிறா.

லைப்ரரி மறுபடி திறந்தாலும் அவளுக்கு இனி ஆகாது. பக்கத்துக் கோலியில ஆஸியான்னு ஒரு பிள்ளை, ஒன்பதாவது. வாசப்படியில உக்காந்து படிக்குது.

இந்தக் கடுதாசியைக் கமிட்டியில எல்லார் காதுலயும் விழுற மாதிரி வாசிங்க. என் பேரையும், மகன் பேரையும் சேர்த்தே வாசிங்க. எங்க வீட்டுல பிள்ளை உக்காந்து படிக்க இடம் இல்ல.

பேகம்