ஓடைக்கரையில் நான் மாற்றிச் சொன்னது

அக்கா,

இன்று காலை அல்ப் ஆற்றங்கரைப் பாதையால் சைக்கிளில் வேலைக்குப் போனேன். இரவு முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. நனைந்த கல், பாசி, அழுகிய இலை எல்லாம் கலந்த ஒரு மணம் வந்தது. நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன். ஜெர்மனியில், இந்தக் கார்ல்ஸ்ரூஹேயில் இத்தனை வருடம் இருந்தும் அந்த மணத்தை இங்கே நான் கவனித்ததில்லை. அது ஸ்கொட்லாந்தின் மணம். உங்களோடு அந்தச் சின்ன ஊரில், ஓடையோரமாக நடந்த ஒரு சனிக்கிழமையின் மணம். அலுவலகத்துக்கு இருபது நிமிடம் பிந்திப் போனேன். கேட்டவர்களிடம் டயரில் காற்றுப் போய்விட்டது என்று சொன்னேன். பொய் சொல்வது எனக்கு எப்போதும் சுலபமாக வருகிறது, பார்த்தீர்களா?

அங்கே இருக்கிற உங்களுடைய தம்பியின் மகளுக்கு அப்போது கல்யாணம். தனியே விமானம் ஏற உங்களுக்குப் பயம். என்னையும் வரச் சொன்னீர்கள். பத்து வருடங்களாக நேரம் குறித்துப் போகிற உங்களுடைய டெர்மின் எல்லாவற்றுக்கும் நான்தான் கூட வந்தேன். ட்ராமில் ஒருநாள் முன்பின் தெரியாத என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டி, “தமிழோ பிள்ளை? இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுவியோ?” என்று கேட்டதில் தொடங்கியது. வீட்டு வாடகை, விசா, பல் வைத்தியர் என்று உங்கள் வாயாக நான் இருந்தேன். பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். என் கணவர் பிரிந்து போன மாதத்தில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு மணிநேரம் நின்று வேலை செய்த கையோடு தினமும் என் வீட்டுக்கு வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் சமைத்து, பாத்திரம் கழுவி, நான் சாப்பிடும் வரை எதிரே உட்கார்ந்திருந்தவர் நீங்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணம் முடிந்த மறுநாள், விருந்தாளிகளைக் கவனிக்கிற வேலை தம்பிக்கு. அதனால் ஊரின் பழைய இடங்களைக் காட்டும் நடைக்கு நம் இருவரின் பெயரையும் கொடுத்துவிட்டிருந்தார். வழிகாட்டி எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. அந்த ஊரிலேயே பிறந்தவர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளூர்க்காரர் நான்கைந்து பேர், ஹைடல்பெர்க்கிலிருந்து வந்த ஒரு ஜெர்மன் தம்பதி, நாம் இருவர். கூரை இல்லாத தேவாலயச் சுவர், கழுதை நடக்கும் அகலத்தில் ஒரு கல்பாலம், சக்கரம் கழன்றுபோன பழைய ஆலை என்று ஓடை போகும் வழியெல்லாம் ஒவ்வொன்றாய் வந்தன. நீங்கள் கல்யாணத்துக்கென்று வாங்கிய சாம்பல்நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்தீர்கள். ஒவ்வொரு இடத்திலும் திரும்பி, “என்ன சொல்லுறா பிள்ளை?” என்றீர்கள். தொடக்கத்தில் நான் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கல்பாலத்தடியில் அந்த ஜெர்மன் அம்மா என்னோடு பேசத் தொடங்கினார். கணவரும் அவரும் ஒவ்வொரு கோடையிலும் பழைய கட்டடங்கள் பார்க்கப் போவார்களாம். என்னுடைய ஜெர்மனைப் பாராட்டினார். நான் என்ன படித்தேன், எங்கே வேலை செய்கிறேன் என்றெல்லாம் கேட்டார். நானும் அவர்களைப் போலச் சரித்திரம் பார்க்க வந்தவள் என்று அவர் நினைத்தது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு உங்களைக் காட்டி, என்னுடைய அம்மாவா என்று கேட்டார்.

நீங்கள் பாலத்தின் மறுபக்கம் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இல்லை, நான் உதவி செய்கிற ஒரு பெண் என்று ஜெர்மனில் சொன்னேன். அதைச் சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதன்பிறகு வந்தது துணி வெளுக்கிற திடல். இப்போது வெறும் புல்வெளி. நெசவாளர்கள் கொண்டுவரும் துணியைச் சாம்பல் நீரில் அவித்து, ஓடையில் அலசி, இந்தப் புல்லில் வாரக்கணக்காக விரித்து வைப்பார்களாம், கள்ளர் எடுத்துப்போகாமல் காவலும் இருக்குமாம். இதை நான் சொல்லி முடிக்க முன்னமே நீங்கள் கரையில் இறங்கிவிட்டீர்கள். தண்ணீரோரம் தட்டையான கற்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைக் கையால் தடவிப் பார்த்தீர்கள். பிறகு புதுக் கோட்டோடு அந்த ஈரக்கல்லில் முழங்காலிட்டீர்கள்.

“பிள்ளை, இஞ்சை பார். ரெண்டு குழி. இது தண்ணி தின்ன குழி இல்லை, முழங்கால் வைச்ச இடம். என்ர முழங்கால் சரியாப் பொருந்துது. எத்தினை பொம்பிளையள் இருந்திருக்க வேணும் கல்லு இப்பிடித் தேய! குளிருக்கை இந்தத் தண்ணியிலை கை வைச்சா விரலெல்லாம் வெடிக்கும். அவை அதுக்கு என்ன பூசினவை எண்டு கேள். நாங்கள் முந்தி சலவைக்கூடத்திலை கையுறை தராத காலத்திலை ஆட்டுக் கொழுப்புப் பூசினனாங்கள் எண்டும் சொல்லு.”

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹைடல்பெர்க் தம்பதியும் பார்த்தார்கள். உங்கள் கோட்டின் கீழ்விளிம்பு தண்ணீரில் கிடந்தது. உங்கள் குரல் சலவை இயந்திரங்களுக்கு மேலால் பேசிப் பழகிய குரல், ஓடைச் சத்தத்துக்கு மேலால் கேட்டது. வழிகாட்டி ஆவலோடு என் பக்கம் திரும்பி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஆட்டுக் கொழுப்பு, வெடித்த விரல், சலவைக்கூடம் — எதையும் அந்தத் தம்பதியின் முன்னால் என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடம் மிக அழகாக இருக்கிறதாம் என்றேன்.

வழிகாட்டி சிரித்து, ஆமாம் என்று தலையசைத்துவிட்டு நடந்தார். நீங்கள் முழங்காலிட்டபடியே அவர் போவதைப் பார்த்தீர்கள். அவ்வளவு நீளமாக நீங்கள் சொன்னது இவ்வளவு சின்னதாகப் போனதைக் காண உங்களுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. எழுந்து கோட்டைப் பிழிந்தீர்கள். மிச்ச வழியில் ஒருமுறைகூட என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபின் நீங்கள் என்னை டெர்மினுக்குக் கூப்பிடுவதும் நின்றது. கேட்டால், இப்போது ஜெர்மன் கொஞ்சம் விளங்குகிறது, சமாளிப்பேன் என்றீர்கள். எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது, அக்கா. லீவு எடுக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் இன்னொரு பொய்யாகிவிடும்.

அடுத்த மாசியில், சலவைக்கூடத்தில் உங்களோடு வேலை செய்த பெண் தொலைபேசியில் சொல்லித்தான் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பது தெரியவந்தது. வயிற்றில் கட்டி. அதற்கு முன் மூன்று முறை வைத்தியரிடம் தனியாகப் போயிருக்கிறீர்கள். வயிறு என்ற சொல்லை மட்டும் சொல்லி, கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டி, நெஞ்செரிவு மாத்திரையோடு திரும்பியிருக்கிறீர்கள். கட்டிலருகே உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன். எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னீர்கள்:

“நான் சொல்லுறதை அப்பிடியே சொல்ல ஆள் வேணும் பிள்ளை. அழகாச் சொல்ல ஆள் வேண்டாம்.”

அந்த நேரம் தாதி உள்ளே வந்தார். என்னைப் பார்த்து, மகளா என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன் நீங்கள் உங்களுடைய உடைந்த ஜெர்மனில் பதில் சொன்னீர்கள். “இல்லை. ஒரு பெண். எனக்கு உதவி செய்கிறவ.”

பாலத்தில் நான் சொன்னதை நீங்கள் கேட்டிருந்தீர்கள். பத்து வருடம் ஜெர்மனியில் உங்கள் வாயாக இருந்த எனக்கு, உங்களுக்குக் காதும் இருக்கிறது என்பது நினைவில் இருக்கவில்லை. என்னைக் குத்துவதற்காக நீங்கள் அதைச் சொல்லவில்லை. நான்தான் அப்படிச் சொல்லித் தந்திருந்தேன். தாதி போனபிறகு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். தலையணையைச் சரிசெய்தேன்.

அதன்பின் வந்த வாரங்களில் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்கச் சொன்னீர்கள், கேட்டேன். வைத்தியர், கோடையைக் காண்பது கடினம் என்றார். நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். அப்படியே சொன்னேன். நீங்கள் “ம்” என்று சொல்லிவிட்டு, காலுக்குச் செருப்பை எடுத்துத் தரச் சொன்னீர்கள். ஓடைக்கரையைப் பற்றி நான் பேச நினைத்த ஒவ்வொரு நாளும் நீங்கள் களைத்திருந்தீர்கள், அல்லது நான் அப்படிச் சொல்லிக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், நான் அலுவலகத்தில் இருந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். முன்னமே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று வைத்தியரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவர் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம் என்று பல நாள் அவர்மேல் கோபப்பட்டேன்.

செத்தவீட்டுக்கு உங்கள் தம்பி வந்தார். எல்லாம் முடிந்து மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என்னைத் தேடி வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

“தங்கச்சி, அக்கா போனிலை எப்பவும் அந்த நடையைப் பற்றித்தான் சொல்லுவா. அங்கை வந்து கண்டதிலை அதுதான் நல்ல நாளாம். ‘பிள்ளை எனக்கு ஒண்டும் விடாமல் சொல்லித் தந்தவ, நான் கேட்டதெல்லாம் அவையளிட்டைக் கேட்டும் தந்தவ’ எண்டு சொன்னவ. நீங்கள் இருந்தபடியாத்தான் அவ தனிச்சுப் போகேல்லை.”

நான் “ஓம் அண்ணை” என்றேன்.

நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள்? தம்பி ஒழுங்குசெய்த நாள் கெட்டுப்போனது அவருக்குத் தெரிய வேண்டாம் என்றா? என்னைக் காப்பாற்றவா? உண்மையிலேயே அந்த நாளில் ஏதோ உங்களுக்கு நல்லதாக இருந்ததா? உங்களிடம் கேட்க ஏலாது.

அவருடைய இலக்கத்தை இரண்டுமுறை எடுத்துவிட்டு அழைக்காமல் வைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் இலேசாகும். ஆனால் தன் அக்காவுக்கு ஒரு நல்ல நாளைக் கொடுத்ததாக அவர் நினைத்துக்கொண்டிருப்பதை நான் பறித்துவிடுவேன். அது நீங்கள் அவருக்கு விட்டுப்போனது. ஆகவே ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் தொலைபேசியில் நன்றி சொல்கிறார், நான் வாங்கிக்கொள்கிறேன். நடந்தது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான், வாசிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தும், உங்களுக்கே எழுதுகிறேன்.