ஒன்றின் எடை மட்டும்

மார்ச் 3

அன்புள்ள இன்ஜின்காரருக்கு,

நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதி, அடித்துவிட்டேன். இருவரும் சுகம். போனில் பேசினால் இரண்டு பேருமே பாதியில் வைத்துவிடுகிறோம், அதனால்தான் கடிதம்.

சிகிச்சை முடிந்து பதினாறு நாள். நீங்கள் கப்பலேறிப் பத்து நாள். பனிக்குடத் தண்ணீர் கசிகிறதா என்று மணிக்கு ஒருதரம் துணியைத் தொட்டுப் பார்க்கிறேன். அச்சகத்திலிருந்து பிழை திருத்தத் தாள்கள் வருகின்றன. ஒரே பக்கத்தை மூன்று தரம் படித்தும் ஒன்றும் ஏறவில்லை.

இன்று ஸ்கேன். “பெரிசு நல்லா இருக்கும்மா. எடைதான் கொஞ்சம் கம்மி. போகப் போகப் பிடிச்சிடும்” என்றார் ஸ்கேன் எடுத்த அம்மா. “சின்னது எங்க இருக்கு?” என்றேன். திரையைத் திருப்பிவிட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 20

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதத்தில் எடை எங்கே? எத்தனை கிராம், தலைச் சுற்றளவு எவ்வளவு, எல்லாம் எழுது. என் படுக்கைக்கு மேலே ஒட்டிவைக்கப்போகிறேன். போன வாரம் நீ போனில் சொன்ன முந்நூற்றெழுபதை ஒட்டியிருக்கிறேன். “என்னய்யா இது, டீசல் கணக்கா?” என்று சமையல்காரர் கேட்டார். “எம் புள்ள” என்றேன்.

கனமாக எதையும் தூக்காதே. பழசை நினைக்காதே.

உன் இன்ஜின்காரன்

ஏப்ரல் 18

இன்ஜின்காரருக்கு,

பழசா? அது இன்னும் எனக்குள்தானே கிடக்கிறது.

இரண்டுக்கும் ஒரே நச்சுக்கொடி. சின்னதன் இதயம் தானாக நின்றால் பெரியதன் ரத்தமும் அந்தப் பக்கம் ஓடிவிடும், இரண்டும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். சின்னது எப்படியும் தங்காது, அதன் கொடியை முன்பே அடைத்துவிட்டால் பெரியது பிழைக்கும், “என்ன செய்யலாம்?” என்று கேட்டார். நான்தான் “சரி, சின்னதோட கொடிய அடைச்சிடுங்க” என்றேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் மனதில் நான் கொன்றவளா? ஒரு வார்த்தை எழுதுங்கள். அதுவரை கிராமும் கிடையாது, சுற்றளவும் கிடையாது.

(ஆயிரத்து ஐம்பது. மனசு கேட்கவில்லை.)

மே 2

வாயாடி,

இல்லை. நூறு தரம் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி அவசரமாகக் கூப்பிட்டது என்றேன் அல்லவா? பொய். நானேதான் கேட்டு வந்தேன். நீ “சரி” என்றபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த வார்த்தையை நான் சொல்ல வேண்டியதில்லையே என்று. பாரத்தை உன் தலையில் வைத்துவிட்டு, உன் வயிற்றைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஓடிவந்தவன் நான். இங்கே இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று நினைத்தேன்.

திட்டியாவது எழுது.

ஜூன் 10

அன்புள்ள உங்களுக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. முப்பத்துமூன்றாம் வாரம். போனில் “பொறந்துடுச்சு” என்றதுமே அழுதீர்கள், லைன் போய்விட்டது. மீதியை இதில் எழுதுகிறேன்.

பெண். ஆயிரத்து எண்ணூற்று இருபது கிராம். ஒரே கருவிலிருந்து பிரிந்தவை என்று டாக்டர் முன்பே சொன்னாரே. அப்படியென்றால் அதுவும் பெண்தான்.

நர்ஸ் சின்னவளைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, “பாக்குறியாம்மா? வேணாம்னா வேணாம்” என்றாள். இரண்டு கையிலும் வாங்கினேன். காய்ந்த இலைபோல ஒட்டி உலர்ந்திருந்தாள். பயமாக இல்லை. “இவ அப்பா பாக்கலயா?” என்றாள் நர்ஸ்.

பெரியவள் பதினெட்டு நாளாகக் கண்ணாடிப் பெட்டியில். நேற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். தானே குடிக்கிறாள், பாதியில் தூங்கிப்போகிறாள், காதைத் தடவினால் மறுபடி குடிக்கிறாள்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. கடிதத்தில் தீருகிற கோபமில்லை. ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கிறது என்று மட்டும் எழுதாதீர்கள். கேட்டுத்தானே போனீர்கள்? கேட்டு வாருங்கள்.

உங்கள் வாயாடி