ஏமிஸ் போட்ட தையல்

என் பெரும் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய கணவர் சர் தர்ஸ்டன் ஹார்கம் அவர்களுக்கு, புரூஜ் நகரில் கம்பளி வியாபாரி யோரிஸ் வீட்டில் கிடைக்கும்படி, மில்லிசென்ட் எழுதிக்கொள்வது.

தோற்றுப்போனால் கடல் தாண்டி அங்கேதான் வருவேன் என்று குதிரை ஏறும்போது சொன்னீர்கள். அதை நம்பித்தான் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். பனியில் ஒன்பது ஆட்டுக்குட்டிகள் செத்துப்போயின.

குருத்து ஞாயிறன்று நம் பக்கம் தோற்ற செய்தி நான்கு நாள் கழித்துத்தான் வந்தது. தப்பி வந்த இருவரை மாறி மாறிக் கேட்டேன். உங்களைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சர் பியர்ஸ் வென்லோ முப்பது வில்லாளிகளோடு வந்து முற்றத்தில் நின்றார். கிறிஸ்துமசுக்கு நம் வீட்டில் வாத்துக்கறி சாப்பிட்ட அதே மனிதர்தான். நீங்கள் போரில் இறந்துவிட்டீர்கள் என்றும், தகப்பனில்லாத நம் மகள் ஏமிஸை வளர்க்கும் உரிமையையும் மணம் முடித்துவைக்கும் உரிமையையும் புதிய அரசரிடம் கேட்டு வாங்கிவிட்டதாகவும் சொன்னார். அவருடைய இரண்டாவது மகனுக்காம். அவளுக்குப் பதினொரு வயது. அன்றைக்கே அழைத்துப் போகக் குதிரையும் கொண்டுவந்திருந்தார்.

சாட்சியாகப் போர்க்களத்தில் எடுத்த ஒரு மேலங்கியை என் முன்னால் விரித்தார். நீலத்தில் நம் சின்னமான வெள்ளை நாரை. இடது அக்குளுக்குக் கீழே, தவக்காலத்தில் ஏமிஸ் அடம்பிடித்துத் தானே தைத்த கோணல் தையல். அதற்கு ஒரு சாண் கீழே ஒரு துளை. ஆனாலும் இது என் கணவருடையது இல்லை என்று சொல்லிவிட்டேன். நாரைச் சின்னம் போட்டவர் இந்த நாட்டில் ஒருவர்தானா என்றும் கேட்டேன்.

அவர் என்னை நம்பவில்லை. குழந்தை பொய் சொல்லாது என்று நினைத்தாரோ என்னவோ, ஏமிஸைக் கூப்பிட்டார். "நீ சொல்லும்மா. இது உங்கப்பா அங்கிதானே?"

அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்லீங்க. எங்க வீட்டுல இவ்வளவு மட்டமா யாரும் தைக்க மாட்டாங்க."

வில்லாளிகள் சிரித்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் அவரால் அவளைத் தூக்கிப்போக முடியவில்லை. ஜூன் மாதத்து யோவான் திருநாளுக்குள் உங்கள் கைப்பட எழுதிய கடிதத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வருவேன் என்றார். அங்கியை அங்கேயே போட்டுவிட்டு, வாசலில் இரண்டு ஆட்களைக் காவல் வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த அங்கியை லாயத்துக் கந்தலோடு போடச் சொன்னேன். அடுத்த பூசையில் உங்கள் பெயரை இறந்தவர்களோடு சேர்க்கவா என்று சாமியார் கேட்டார். உயிரோடிருப்பவர்களோடு சேருங்கள் என்றேன். அழுதால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நானும் ஏமிஸும் அழவில்லை. எங்களுக்குள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. சமையற்கட்டில் தட்டு விழுந்தால்கூட வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன். வேலைக்காரர்களில் யார் சர் பியர்ஸின் ஆள் என்று தெரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தப்பி ஓடுகிறவர்கள் அடையாளம் தெரியாமலிருக்க அங்கியைக் கழற்றி எறிவதுண்டு என்கிறார் காரியஸ்தர் கெர்வேஸ். துளையைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

யோவான் திருநாள்வரை காத்திருக்க எனக்குத் துணிவில்லை, ஆகவே ஏமிஸை உங்களிடம் அனுப்புகிறேன். நாளைக் காலை கம்பளி வண்டி துறைமுகத்துக்குப் புறப்படுகிறது. வண்டிக்காரன் மனைவி ஹாவிஸ் தன் மகள் என்று சொல்லிக் கூட்டிப்போவாள். நானும் போனால் வாசலில் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும். நான் இங்கே இருந்து, அவள் காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள் சொல்வேன். இந்தக் கடிதம் அவள் காலுறைக்குள் இருக்கும். படித்ததும் எரித்துவிடுங்கள்.

அவளுக்குக் கடல் பயம். கைகளைப் பிடித்துக்கொண்டால் தூங்கிவிடுவாள்.

கன்னி மாதா உங்களைக் காக்கட்டும். கதவைத் திறப்பது நீங்களாக இல்லாமல் போனால், திறப்பவரே, நீங்கள் யாராயிருந்தாலும் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அவளை வாசலிலேயே நிறுத்திவிடாதீர்கள்.

உயிர்ப்புத் திருநாளுக்குப் பின் இரண்டாம் வெள்ளி,
என்றும் உங்கள் மனைவி,
மில்லிசென்ட்